எல்விரா யகாந்தேயின் நான்காம் விரல்

இருபத்தோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அந்த நாற்காலி எல்விரா யகாந்தேயுடையது ஆகவில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரு காகிதம் வரும். 'செல்லோ துறையின் தற்காலிக ஆசிரியர் பணி ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது.' அவள் கையெழுத்துப் போடுவாள். நிரந்தரம் வேண்டுமென்றால் போட்டித் தேர்வு நடக்க வேண்டும். மூன்று நடுவர்கள் வெளியூர்களிலிருந்து வருவார்கள். நாட்டில் தகுதியுள்ள யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். இருபத்தோரு வருடம் பாடம் நடத்தியவளும் நேற்று பேருந்தில் வந்து இறங்கியவனும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். தோற்றால் தற்காலிகமும் போய்விடும்.

அந்தத் தேர்வைக் கேட்டு எல்விரா எத்தனையோ மனுக் கொடுத்தாள். கேட்ட நாளெல்லாம் வரவில்லை. விரல் போன பிறகு வந்தது.

அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டியவள் துறைச் செயலாளர் தெல்மா. ஒட்டிய கையோடு எல்விராவின் வகுப்பறைக்கு வந்து, மாத்தே இலைச் சாறு நிறைந்த குடுவையை நீட்டினாள்.

"வந்திருச்சுடி. இத்தனை வருஷமா வாசல்ல நின்னு மணியடிச்சே, இப்பத்தான் கதவைத் திறந்திருக்காங்க. மூஞ்சி ஏன் செத்த கோழி மாதிரி இருக்கு?"

"வெயில்."

"இந்த ஜூலைக் குளிர்ல என்னடி வெயில்? காலையில வாய்க்கால்ல தண்ணி உறைஞ்சு கிடந்துச்சு."

எல்விரா குழலை உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். வலது கையால்தான் கொடுத்தாள். மூன்று வருடமாக எதையும் அவள் இடது கையால் யார் முன்னாலும் நீட்டுவதில்லை.

அவள் சான் ஹுவான் நகரத்தை அடுத்த அங்காகோ கிராமத்தில் பிறந்தவள். அப்பா திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிப்பவர். பத்திரத்தில் பெருவிரல் வைக்கிற ஆள். எல்விராவுக்கு ஒன்பது வயதில், நகரத்து இசைப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகளை அளந்தார். அவள் கையை இரண்டு தடவை அளந்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "கை நீளமா இருந்தா உசரக் கொடியில கொத்துப் பறிக்கலாம். அதை விட்டுட்டு ஒரு பெட்டியை முழங்காலுக்கு நடுவுல வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உட்கார்றதா?" என்றார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியலில் அவளோடு சாலைக்கு நடந்து வந்து, பேருந்தை நிறுத்தி ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

பதினைந்து வருடம் கழித்து அவள் பட்டம் வாங்கினாள். யகாந்தே குடும்பத்தில் பட்டம் என்ற சொல்லுக்கு அதுவரை வேலையே இருந்ததில்லை. அந்த ஊர் வழக்கப்படி, பட்டம் பெற்றவளைப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தி முட்டையாலும் மாவாலும் அடித்தார்கள். கடன் வாங்கிய கோட்டில் வந்திருந்த அப்பா வெகுநேரம் ஓரமாகவே நின்றார். கடைசியில் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வந்து, வலிக்காதபடி மெதுவாக, அவள் உச்சந்தலையில் உடைத்தார். எல்விராவின் சான்றிதழை அன்றைக்குப் பார்த்தவர்கள் முட்டைக் கறையோடுதான் பார்த்தார்கள். இன்றைக்கும் கறையோடுதான் அது சுவரில் தொங்குகிறது.

மாநில இசைக்குழுவில் பதினான்கு வருடம் வாசித்தாள். பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினாள். வெளிநாடு போய் மெருகேற்றிக்கொண்டு வரும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது. ஒரு முறை அப்பாவின் நோய், இன்னொரு முறை நிலநடுக்கத்தில் வீட்டுச் சுவர் விழுந்தது. அதற்காக அவள் அழுதவள் அல்ல. வாசித்தால் கேட்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். அது போதும் என்றிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகையில் இடது கையின் சுண்டுவிரல் தானாக உள்ளங்கைப் பக்கம் சுருண்டது. செல்லோக்காரர்களுக்கு அது நான்காம் விரல். விரித்துவிட்டாள். மறுபடி சுருண்டது. காபிக் கோப்பை பிடிக்கும்போது ஒழுங்காக இருக்கும், சீப்பெடுத்தால் ஒழுங்காக இருக்கும், தந்திமேல் வைத்தால் மட்டும் தொட்டாற்சுருங்கி போல மடியும். மென்டோசாவில் ஒரு மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "விரல்ல ஒண்ணும் இல்லைங்க. விரலுக்குக் கட்டளை போற இடத்துல கோளாறு. வாசிச்சு வாசிச்சே வர்றது." மருந்து என்ன என்று கேட்டாள். அவர் மேசைமேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

கணவன் ஒராசியோவைத் தவிர யாருக்கும் அவள் சொல்லவில்லை. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்து இசைக்குழுவிலிருந்து விலகினாள். வகுப்பில் வாசித்துக் காட்டுவதை நிறுத்தினாள், பாடிக் காட்டினாள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று விரலால் தேடித் தேடிக் கண்டுபிடித்து, பென்சிலால் குறித்துக் கொண்டு வருவாள். மாணவர்கள் ஆறு பேரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஏமாற்றுவதாக அவள் நினைக்கவே இல்லை. தன் கையால் முடியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தேர்வுக்கு விண்ணப்பித்த இன்னொருவர் புவனோஸ் அய்ரெஸ்காரர், இக்னாசியோ பெல்த்ராமினோ. வயது முப்பத்தாறு.

"போட்டோவைப் பார்த்தேன்," என்றாள் தெல்மா. "தலை நிறைய முடி. வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு இவ்வளவு முடி? நீ ஊதித் தள்ளிருவே."

தேர்வு ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை. முதலில் நாற்பது நிமிடக் கச்சேரி. அடுத்து, துறை மாணவர்களில் சீட்டுக் குலுக்கி எடுத்த ஒருவருக்கு நடுவர்கள் முன்னால் பாடம். எல்விரா ஆறு வாரம் இரவு பகலாக மூன்று விரலில் நாற்பது நிமிடத்தைக் கட்டினாள். ஒரு நாள் வரும், மறுநாள் உதிரும். மணலில் சுவர் எழுப்பும் வேலை.

தேர்வுக்கு முந்தைய நாள், புதன்கிழமை காலை, வானொலியில் சோண்டா வருகிறது என்றார்கள். மலையிலிருந்து இறங்கும் அந்த அனல் காற்று ஊரிலிருக்கும் ஈரத்தையெல்லாம் ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். மூக்கில் ரத்தம் வரும், நாய்கள் சண்டை போடும், மரக் கருவிகள் வெடிக்கும். சான் ஹுவானில் செல்லோ வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்கு என்ன செய்ய வேண்டுமென்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்: ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை அடைத்துக் கருவிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், ஜன்னல்களை அடைக்க வேண்டும், நாற்காலிகளில் ஈரத் துண்டு போட வேண்டும்.

தேர்வு விதிகளில் பதினான்காவது விதி, கருவி உடைந்தால் முப்பது நாள் தள்ளி வைக்கலாம் என்கிறது.

ஊர் முழுக்க மதியத் தூக்கத்தில் கிடந்தபோது எல்விரா பெட்டியைத் திறந்தாள். பஞ்சை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். செல்லோவை வெளியே எடுத்து, மேற்குப் பக்க ஜன்னலருகே சாய்த்து நிறுத்தி, கதவுகளை விரியத் திறந்து வைத்தாள். முப்பது நாளில் விரல் விரிந்துவிடுமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளத்தில் போகிறவன் பிடிப்பது மரமா பாம்பா என்று பார்ப்பதில்லை. படுக்கையில் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்தாள். நான்கு மணிக்குக் காற்று வந்தது. ஐந்தரைக்கு அந்தச் சத்தம் கேட்டது, காய்ந்த திராட்சைக் கட்டை ஒடிகிற மாதிரி, ஒரே ஒரு தடவை.

அவள் எழுந்திருக்கவில்லை.

ஒராசியோ பாசனத் துறையில் மதகு திறந்து மூடுபவன். தலையெல்லாம் புழுதியோடு ஆறு மணிக்கு வந்தவன் ஜன்னலைச் சாத்த ஓடினான். அப்புறம் நின்றுவிட்டான். செல்லோவின் முன்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. உள்ளே இருட்டு தெரிந்தது.

"ஒல்லி," என்று கூப்பிட்டான். அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "பஞ்சு எங்கே?"

"தொட்டியில."

"மறந்துட்டியா?"

"இல்ல."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். அதிலிருந்த புழுதியைத் தட்டினான். "மதகைத் திறந்துவிட்டா தண்ணியைத் திருப்பிக் கூப்பிட முடியாது," என்றான். திட்டுவதற்கு அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அப்போது தொலைபேசி அடித்தது. தெல்மா.

"உனக்கு யோகம்டி. சோண்டாவுக்காக நாளைக்கு எல்லாத்துக்கும் லீவு விட்டுட்டாங்க. ஆளுநர் உத்தரவு. தேர்வு செவ்வாய்க்கிழமை."

எல்விரா தொலைபேசியை வைத்தாள். ஐந்து நாளைக் காற்று தானாகவே கொடுத்திருக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்று தன் கையாலேயே தன் செல்லோவைக் கொன்றிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமையே முப்பது நாள் கேட்டு விண்ணப்பம் போட்டாள். திங்கட்கிழமை பதில் வந்தது. மாற்றுக் கருவி கிடைக்காத பட்சத்தில்தான் பதினான்காம் விதி பொருந்தும்; கிடைத்திருக்கிறது; போட்டியாளர் திரு. பெல்த்ராமினோ தன் கருவியைத் தர முன்வந்துள்ளார்.

"பெருந்தன்மையா, திமிரான்னு எனக்குப் புரியல," என்றாள் தெல்மா. "ரெண்டும் கலந்து கட்டியிருக்கான்."

செவ்வாய்க்கிழமை காலை பெல்த்ராமினோவின் முறை. எல்விரா நான்காம் எண் அறையில் உட்கார்ந்து சுவரை வெறித்துக்கொண்டிருந்தாள். பகல் பதினொன்றுக்கு அவர் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். முடி நிஜமாகவே நிறைய.

"மேல் தந்தி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ப்ரோஃபே. அதட்டினாக் கேட்டுக்கும்," என்றார். மாணவர்கள் ஆசிரியரைக் கூப்பிடும் சொல்லாலேயே அவளைக் கூப்பிட்டார். "ரெக்கார்டுல உங்க வாசிப்பைக் கேட்டுத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். சும்மா சொல்லல."

அவருடைய பணிவைத் தாங்குவதைவிட, அவர் கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கச்சேரி கரையேறிவிட்டது. பழக்கமில்லாத கருவி என்பதே அவளுக்குத் திரையாக உதவியது. மூன்று விரல்கள் தந்தியில் மேலும் கீழும் ஓடி ஓடி நான்காவதன் வேலையையும் செய்தன. இரண்டு இடத்தில் சறுக்கினாள். ஆனால் மெதுவான பகுதியில் வில்லை இழுத்தபோது நடுவர் மூவரும் எழுதுவதை நிறுத்தினார்கள். அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். வியர்வையோடு உள்ளே ஒரு நம்பிக்கையும் ஊறியது.

பாடத்துக்குச் சீட்டில் வந்த பெயர் யாமிலா. மூன்றாம் வருடம், துறையிலேயே கெட்டிக்காரி, அடுத்த மாதம் மென்டோசா இசைக்குழுவில் சேரத் தேர்வுக்குப் போகிறாள். வந்து உட்கார்ந்தாள், வாசித்தாள். எல்விரா பாடிக் காட்டினாள், வில்லின் எடையைத் திருத்தினாள், மூச்சு எங்கே விட வேண்டுமென்று சொன்னாள். பெண் மலர்ந்து வாசித்தாள். இருபது நிமிடம் முடிந்தது. எல்விரா நிமிர்ந்தாள்.

தலைமை நடுவர் மாபெல் ஒச்சோவா கோர்தோபாவிலிருந்து வந்தவர், எழுபதை நெருங்கியவர். அவர் எல்விராவைக் கேட்கவில்லை, பெண்ணைக் கேட்டார்.

"இங்க ஒரே எட்டுல முடியற இடத்துல ரெண்டு தடவை கையை நகர்த்துறியேம்மா. சுண்டுவிரலை ஏன் போடல?"

"எங்க வகுப்புல அது கிடையாதுங்க," என்றாள் யாமிலா பெருமையோடு. "எங்க ப்ரோஃபேயோட முறை."

"காலையில பெல்த்ராமினோவோட பாடத்துல வாசிச்ச மாணவரும் இப்படித்தான். எல்லாருமேவா?"

"ஆறு பேரும்."

"எங்கே, சுண்டுவிரலை வச்சு ஒரு தடவை."

யாமிலா வைத்தாள். விரல் தட்டையாக விழுந்தது. சுரம் அரைக்கால் இறங்கிப் பிசிறடித்தது. மறுபடி வைத்தாள். முட்டி உள்ளே ஒடிந்தது. அவள் சிரிக்கப் பார்த்தாள். மூன்றாம் தடவை சிரிப்பு நின்றுவிட்டது. அந்த விரலைத் தூக்கித் தானே முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள்.

எல்விராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் விரல் தன்னோடு போயிற்று என்று மூன்று வருடமாக எண்ணியிருந்தாள். பென்சில் குறிப்பு வழியாக அது ஆறு கைகளுக்குப் போயிருக்கிறது. நல்ல, நோயில்லாத ஆறு விரல்களை அவள் படுக்க வைத்திருக்கிறாள்.

ரொசாரியோவிலிருந்து வந்திருந்த இன்னொரு நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். கச்சேரி அவருக்குப் பிடித்திருந்தது போலும். குரலில் கைகொடுக்கும் தோரணை. "பழைய இத்தாலியக்காரங்க சிலபேர் இப்படிச் செஞ்சதுண்டு. இது ஒரு முறைன்னா விளக்குங்க. எழுதிக்கறேன். கேட்க ஆசையாத்தான் இருக்கு."

கயிறு கையெட்டும் தூரத்தில் தொங்கியது. 'முறைதான்' என்று ஒரு வார்த்தை. மூன்று விரல் கையின் சமநிலை, தொனியின் ஒருமை என்று அரை மணி நேரம் பேச அவளால் முடியும். அவள் பேசினால் நம்புவார்கள். யாமிலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சும் பார்வை. சொன்னால் அந்தப் பெண் மென்டோசாவுக்கும் இதே கையோடு போவாள். அங்கே நடுவர்கள் யாரையும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

"முறையெல்லாம் இல்லைங்க," என்றாள் எல்விரா. இடது கையை மேசைமேல் வைத்தாள். "என் விரல் போச்சு. மூணு வருஷமாச்சு. எனக்கு வர்றதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்."

யாமிலா எழுந்து, செல்லோவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்திய பிறகு ஒச்சோவா குரலைத் தாழ்த்தினார். "அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி நீங்களா விலகிக்கலாம். விதியில இடம் இருக்கு. விலகிட்டா இந்த அறையில பேசினது எதுவும் காகிதத்துல ஏறாது. உங்களுக்கும் கௌரவம்."

"மாணவங்க வாசிச்சது?"

"அது ஏறும். ரெண்டு பேரோட வாசிப்பும் குறிப்புல உண்டு. விரல்பயிற்சி போதாதுன்னு எழுதியாகணும்."

"அப்ப நான் விலகல. எழுதுங்க," என்றாள் எல்விரா. "குறை பிள்ளைங்களுது இல்லை, ஆசிரியருதுன்னு எழுதுங்க. ஆறு பேர் பேரையும் போடுங்க. திருத்திக்க ஒரு வருஷம் கூடக் கொடுக்கணும்னு எழுதுங்க."

"எழுதினா உங்களுக்கு எங்கயும் வேலை கிடைக்காது."

"தெரியும்."

ஒச்சோவா எழுதினார். எழுதி முடித்ததைத் திருப்பி வைத்தார். எல்விரா ஒவ்வொரு பெயரின் எழுத்தையும் சரிபார்த்தாள். ஒன்றில் பிழை இருந்தது, திருத்தச் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். கடன் வாங்கிய செல்லோவை நான்காம் எண் அறையில் பெல்த்ராமினோவிடம் ஒப்படைத்தாள். அவருக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது; எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

யாமிலா நடைவழியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடியே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வேலை போயிருக்கும்."

"இப்ப என்ன, பதவி உயர்வா வந்திருக்கு?"

"அறிக்கையில உன் பேர்ல தப்பு வராம எழுத வச்சிருக்கேன்," என்றாள் எல்விரா.

"என் கையை என்ன செய்யறது? அதை அறிக்கையா வாசிக்கும்? மூணு வருஷம் உங்க குறிப்பை இஸ்திரி போட்ட துணி மாதிரிப் பத்திரமா வச்சிருந்தேன்." அவள் எழுந்தாள். "மென்டோசாவுக்கு இருபத்தாறு நாள்தான் இருக்கு. அந்தப் புவனோஸ் அய்ரெஸ் ஆள் இன்னும் உள்ளேதானே இருக்காரு?"

"இருக்காரு."

"கேட்டுப் பார்க்கறேன்."

யாமிலா தன் செல்லோவோடு நான்காம் எண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்விராவுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டு போகக் கையில் ஒன்றுமில்லை. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே சுண்டுவிரல் தந்திமேல் விழுந்தது. சுரம் இறங்கிப் பிசிறடித்தது. மறுபடி விழுந்தது, மறுபடி பிசிறு. பெருவிரலை இறுக்கியிருக்கிறாள், வெளியிலிருந்தே எல்விராவுக்குக் கேட்டது. பெருவிரலை விடு, மற்றது தானாக வரும் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் தடவையும் பிசிறு.

நான்காம் தடவை சுரம் சுத்தமாக நின்றது. பெருவிரலை விடு என்று உள்ளே அவர் சொல்லிவிட்டார்.